பாஸ் ஆனதைத்தான் சந்தேகிக்க வேண்டும்

ஒரு பொருள் சோதனையில் தோற்றுப்போனால் எங்கள் லேபில் கூட்டம் கூடிவிடும். பொருளைச் செய்தவர்கள் முதலில் எங்கள் கருவிகளைத்தான் சந்தேகிப்பார்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள், கிரவுண்ட் சரியாக இருக்கிறதா பாருங்கள், ஆம்ப்ளிஃபையரின் கேலிப்ரேஷன் சான்றிதழைக் காட்டுங்கள் என்பார்கள். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. அதே பொருள் பாஸ் ஆகிவிட்டால் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. கை குலுக்குவார்கள், ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று விசாரிப்பார்கள், பொருளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

கருவியின் பழுதால் ஒரு பொருள் தோற்றால், அந்தப் பழுதை அன்று மாலைக்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். கருவியின் பழுதால் ஒரு பொருள் பாஸ் ஆனால், அந்தப் பழுது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இ.எம்.சி. (மின்காந்த இணக்கத்தன்மை) சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து நான் கற்றதில் முதன்மையானது இதுதான். அங்கே நடக்கும் சோதனைகளிலேயே ‘கண்டக்டட் இம்யூனிட்டி’ எனப்படும் சோதனையில் இந்த ஆபத்து கூடுதல். அது ஏன் என்று எனக்குப் புரியவைத்த ஓர் அனுபவத்தையும், அதன் பிறகு நான் வேலை செய்யும் முறை மாறிப்போனதையும் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

சோதனை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மைச் சுற்றி எந்நேரமும் ரேடியோ அலைகள் இருந்துகொண்டே இருக்கின்றன. மத்திய அலை, சிற்றலை ஒலிபரப்புகள், ஹாம் வானொலி நிலையங்கள், 27.12 மெகாஹெர்ட்ஸில் பிளாஸ்டிக் ஒட்டும் இயந்திரங்கள், பிசியோதெரபி அறைகளில் அதே அதிர்வெண்ணில் இயங்கும் டயாதெர்மி கருவிகள் என்று பட்டியல் நீளும். 80 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ மூன்றே முக்கால் மீட்டர். 150 கிலோஹெர்ட்ஸில் அதுவே 2 கிலோமீட்டர். கையடக்கமான ஒரு பெட்டி இவ்வளவு நீளமான அலைகளைத் தானாக வாங்கிக்கொள்ளாது. அதில் செருகியிருக்கும் பவர் கார்டும் சென்சார் ஒயரும் ஏரியலாக மாறி அலையை உள்ளே கொண்டுபோய் விடும். ஆகவே இந்த அதிர்வெண்களில் பொருளின் மீது அலையை வீசிச் சோதிப்பதைவிட, கேபிளுக்குள்ளேயே சிக்னலைச் செலுத்திப் பார்ப்பது நடைமுறைக்கு ஏற்றது. அதற்கான அடிப்படைத் தரநிலை ஐ.இ.சி. 61000-4-6. 1996இல் முதலில் வந்து, 2023இல் ஐந்தாம் பதிப்பைக் கண்டிருக்கிறது. 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 80 மெகாஹெர்ட்ஸ் வரை, பொருளின் வகைக்கேற்ப 1, 3 அல்லது 10 வோல்ட் அளவில், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியால் 80 சதவீதம் பண்பேற்றிய சிக்னலை ஒவ்வொரு கேபிளிலும் ஏற்றுவோம். பொருள் தன் வேலையைத் தடுமாறாமல் செய்கிறதா என்று கவனிப்போம்.

கேட்க எளிமையாக இருக்கும். சிக்கல் 10 வோல்ட் என்ற அந்த எண்ணில் இருக்கிறது. அது பொருளின் கேபிளில் மீட்டர் வைத்து அளக்கிற வோல்ட் அன்று. 150 ஓம் மின்மறுப்பு உடைய ஒரு மூலத்தின் திறந்த முனையில் இருக்க வேண்டிய மின்னழுத்தம். பொருளைச் செருகியதும் உண்மையில் எவ்வளவு மின்னழுத்தம் விழும், எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பது அந்தப் பொருளைப் பொறுத்தது. அதனால் பொருள் இல்லாதபோதே அளவைத் தீர்மானித்துவிடுவார்கள். சிக்னலைக் கேபிளில் ஏற்றும் பெட்டிக்கு சி.டி.என். என்று பெயர். அதன் வாயில் பொருளுக்குப் பதிலாக ஒரு கேலிப்ரேஷன் ஜிக்கை மாட்டி, மறுமுனையில் 50 ஓம் மீட்டரை வைத்து, ஜெனரேட்டரின் அளவை மெல்ல ஏற்றுவோம். மூலத்தின் மின்மறுப்பில் பாதி போய்விடும். ஜிக்குக்குள் இருக்கும் 100 ஓம், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆக, 10 வோல்ட்டுக்கு மீட்டர் 1.67 வோல்ட் காட்ட வேண்டும், 3 வோல்ட்டுக்கு அரை வோல்ட் காட்ட வேண்டும். ஒவ்வொரு அதிர்வெண்ணாக அந்த எண் வரும் வரை ஏற்றி, ஜெனரேட்டர் எந்த அளவில் இருந்தது என்று மென்பொருள் குறித்துவைத்துக்கொள்ளும். அதிர்வெண்ணை ஒரு சதவீதப் படிகளாக ஏற்றினால் சுமார் 630 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை உருவாகும்.

சோதனை நாளில் நடப்பது அந்த அட்டவணையை அப்படியே திரும்ப ஓட்டுவது மட்டும்தான். பாடத்தை மனப்பாடம் செய்த குழந்தை ஒப்பிப்பதுபோல, மென்பொருள் தான் குறித்துவைத்த எண்களை வரிசையாக ஜெனரேட்டருக்குச் சொல்லிக்கொண்டே போகும். பொருளின் கேபிளில் இப்போது எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் அளப்பதில்லை. அளந்து சரிசெய்யவும் கூடாது, முறையே அப்படித்தான். கேலிப்ரேஷன் முடிந்ததற்கும் சோதனை தொடங்குவதற்கும் இடையில் ஒரு கேபிள் உடைந்திருந்தால், ஒரு ரெசிஸ்டர் கருகியிருந்தால், அட்டவணைக்கு அது தெரியாது. 630 வரிகளும் ஓடி முடியும். திரையில் பச்சை நிறம் வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். உள்ளே இறங்கியது ஒரு வார்மர் வந்தபோதுதான். பிறந்த குழந்தைகளை, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளை, சூடாக வைத்திருக்கும் மருத்துவக் கருவி அது. குழந்தையின் தோலில் ஒட்டிய ஒரு சிறிய சென்சார் வெப்பநிலையைச் சொல்லும். அதைப் பார்த்து மேலே இருக்கும் ஹீட்டரைக் கன்ட்ரோலர் கூட்டும், குறைக்கும். சென்சார் உண்மைக்குக் குறைவாகச் சொல்லிவிட்டால் ஹீட்டர் கூடிக்கொண்டே போகும். படுத்திருக்கும் குழந்தையால் நகரவும் முடியாது, சொல்லவும் முடியாது. மருத்துவக் கருவிகளின் இ.எம்.சி. தரநிலையான ஐ.இ.சி. 60601-1-2, இந்தச் சோதனையில் பொதுவாக 3 வோல்ட் கேட்கும். தொழில், மருத்துவப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய அதிர்வெண் பட்டைகளில் 6 வோல்ட் கேட்கும். மேலே சொன்ன டயாதெர்மியின் 27.12 மெகாஹெர்ட்ஸ் அந்தப் பட்டைகளில் ஒன்றுக்குள் வருகிறது. ஒரே மருத்துவமனைக்குள் இரண்டு கருவிகளும் இருக்கக்கூடும் என்பதால் இது ஏட்டளவிலான கவலை அன்று.

முதல் முறை அந்த வார்மர் வந்தபோது சென்சார் கேபிளில் சிக்னல் ஏறியதும் திரையில் வெப்பநிலை அரை டிகிரிக்கு மேல் விலகியது. காரணம் பழையதுதான். சென்சாரின் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஆப்-ஆம்ப்பின் வாசலில் ரேடியோ சிக்னல் நுழைந்தால், அங்கிருக்கும் டிரான்சிஸ்டர் சந்திப்பு அதைத் திருத்தி ஒரு பொய்யான டி.சி. மின்னழுத்தமாக மாற்றிவிடும். கன்ட்ரோலருக்கு அது வெப்பநிலையாகத்தான் தெரியும். செய்தவர்கள் சிறிய நிறுவனத்தினர், நேர்மையானவர்கள். போர்டைத் திருத்தி, வடிகட்டும் கெப்பாசிட்டர்களைச் சேர்த்து, மறுபடி கொண்டுவந்தார்கள்.

இரண்டாம் முறை சென்சார் கேபிளில் சோதனை ஓடிக்கொண்டிருந்தபோது நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெப்பநிலைக் கோடு அசையவே இல்லை. கடைசி இலக்கம்கூட மாறவில்லை. அவர்களுடைய இளம் பொறியாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “மேடம், இந்த வாரமே ரிப்போர்ட் கிடைச்சிடுமா? டெண்டருக்குத் தேதி நெருங்கிடுச்சு” என்று கேட்டார். எனக்கு ஏதோ நெருடியது. முதல் முறை வந்தபோது வரம்புக்குள் இருந்த இடங்களில்கூடக் கோடு லேசாகக் குலுங்கியிருந்தது. நல்ல வடிகட்டி குலுக்கத்தைக் குறைக்கும், சரி. இப்படி அடியோடு துடைத்து எடுக்குமா?

எங்கள் மூத்த பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பொருள் அசையலை, சரிம்மா. சிக்னல் அங்க போய்ச் சேர்ந்துச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

என்னிடம் இருந்த பதில் டைரக்ஷனல் கப்ளரின் அளவு. ஆம்ப்ளிஃபையரின் வாயிலேயே மாட்டியிருக்கும் அந்தக் கருவி எவ்வளவு திறன் வெளியே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று தனித்தனியாகச் சொல்லும். வெளியே போன அளவு அட்டவணையோடு பொருந்தியது. திரும்பி வந்தது குறைவாக இருந்தது. பாதையில் எங்காவது அறுந்திருந்தால் சிக்னல் முட்டித் திரும்பி வந்திருக்க வேண்டுமே என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மேசையில் இருந்த அட்டனுவேட்டரைக் காட்டினார்.

அதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தச் சோதனையில் ஆம்ப்ளிஃபையருக்கும் சிக்னல் ஏற்றும் கருவிக்கும் நடுவில் குறைந்தது 6 டெசிபல் அட்டனுவேட்டர் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது தரநிலையின் விதி. எதிரே இருக்கும் சுமை ஒருபோதும் சரியான 50 ஓம் ஆக இருக்காது. அதனால் சிக்னல் முட்டித் திரும்பும், அளவு அலைபாயும், ஆம்ப்ளிஃபையருக்கும் கேடு. அதைத் தணிக்கத்தான் அட்டனுவேட்டர். அது தன் வழியே போகும் திறனில் முக்கால் பங்கைச் சூடாக்கிவிட்டுக் கால் பங்கைத்தான் அந்தப் பக்கம் விடும். அதற்கப்பால் கேபிள் முழுவதுமாக அறுந்தே கிடந்தாலும், அந்தக் கால் பங்கு முட்டித் திரும்பி வரும்போது அதிலும் முக்கால் பங்கை அட்டனுவேட்டர் விழுங்கிவிடும். கப்ளருக்குத் திரும்பித் தெரிவது பதினாறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 6 சதவீதம். நல்ல பொருத்தமுள்ள சுமை எதிரே இருப்பதாகவே அது காட்டும். ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றுவதற்காக வைத்த கருவியே அறுந்த கேபிளை மறைக்கும் திரையாகவும் இருந்துவிடுகிறது.

சி.டி.என்.னுக்குப் பதிலாகச் சிக்னலை ஏற்றுவதற்காகச் சென்சார் கேபிளைச் சுற்றி மாட்டியிருந்த இ.எம். கிளாம்ப்புக்கும் வார்மருக்கும் நடுவில் ஒரு கரண்ட் புரோபை மாட்டி ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தோம். இருக்க வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்குகூட இல்லை. அட்டனுவேட்டரிலிருந்து கிளாம்ப்புக்குப் போகும் கேபிளைக் கழற்றினேன். என்-டைப் கனெக்டரின் நடு ஊசி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்க்கக் கனெக்டர் புதிதுபோல் இருந்தது. கையால் திருகினால் இறுக்கமாகவே உட்கார்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் நேராகப் பிடித்துப் பக்கத்தில் இன்னொரு கனெக்டரை வைத்து ஒப்பிட்டால்தான் ஊசியின் முனை கொஞ்சம் ஆழத்தில் இருப்பது தெரிந்தது. நாள்தோறும் மாட்டிக் கழற்றி, கேபிள் வளைந்து இழுபட்டு, உள்ளே பற்று விட்டுப் போயிருந்தது. ஊசிக்கும் எதிர்த்துளைக்கும் இடையில் இருந்த அந்த மெல்லிய காற்று இடைவெளி வழியாகக் கசிந்த சிக்னலைத்தான் வார்மர் ‘தாங்கியிருந்தது’.

கேபிளை மாற்றி, ஜிக்கில் அளவைச் சரிபார்த்துவிட்டு மீண்டும் ஓட்டினோம். வெப்பநிலை விலகியது. முதல் முறையைவிடக் குறைவுதான், ஆனாலும் வரம்புக்கு வெளியே. அந்த இளம் பொறியாளரின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. “கொஞ்ச நேரம் முன்னாடி பாஸ்னு இருந்துச்சே மேடம்” என்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம், கழற்றிய கனெக்டரை அவர் கையிலேயே கொடுத்தோம். மறுசோதனைக்குக் கட்டணம் வேண்டாம் என்று எங்கள் லேப் சொல்லிவிட்டது. அவர் அந்தக் கனெக்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்போம்” என்றார். பிறகு அவர்களே குறையைக் கண்டுபிடித்தார்கள். சென்சார் கேபிளின் உலோக உறையை ஒரு நீளமான ஒயரால் சேஸிஸுடன் இணைத்திருந்தார்கள். பல மெகாஹெர்ட்ஸில் அந்த ஒயரே ஒரு தடையாகிவிடும், உறையில் ஓட வேண்டிய சிக்னல் உள்ளே புகுந்துவிடும். கேபிள் நுழையும் இடத்திலேயே உறையைச் சுற்றிலும் உலோகக் கவ்வியால் பிடித்தார்கள். அதன் பின் வார்மர் பாஸ் ஆனது. கோடு லேசாகக் குலுங்கியது, வரம்புக்குள் நின்றது. அந்தக் குலுக்கத்தைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமே இல்லை.

அந்த நாளிலிருந்து ஒவ்வொரு கருவியையும் ஒரே கேள்வியோடு அணுகக் கற்றுக்கொண்டேன்: இது கெட்டுப்போனால் பொருள் தோற்குமா, பாஸ் ஆகுமா? பாஸ் ஆகும் என்றால் அதை நான்தான் தேடிப் போக வேண்டும். வேறு யாரும் தேட மாட்டார்கள்.

ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். 80 சதவீதப் பண்பேற்றத்தில் சிக்னலின் உச்சம் 1.8 மடங்கு உயரும். திறனில் அது 3.24 மடங்கு. பண்பேற்றம் இல்லாமல் அளவு சரியாக வருகிறதே என்று திருப்தியடைந்துவிட்டால், பண்பேற்றியவுடன் ஆம்ப்ளிஃபையர் மூச்சு முட்டி உச்சங்களை வெட்டிவிடும். பொருளுக்குப் போய்ச் சேர வேண்டிய கடுமை போய்ச் சேராது. அதனால்தான் அளவை 5.1 டெசிபல் ஏற்றிவைத்து ஆம்ப்ளிஃபையர் நேர்க்கோட்டில்தான் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்பதும் சிக்னலை ஏற்றும் கருவியைப் பொறுத்தது. 10 வோல்ட் சோதனைக்கு, 6 டெசிபல் அட்டனுவேட்டரையும் பண்பேற்றத்தையும் கணக்கில் கொண்டு தரநிலையின் பின்னிணைப்பிலேயே ஓர் அட்டவணை இருக்கிறது: சி.டி.என். என்றால் 7 வாட் போதும், இ.எம். கிளாம்ப் என்றால் 28 வாட், 5:1 சுற்று விகிதமுள்ள கரண்ட் கிளாம்ப் என்றால் 176 வாட். சி.டி.என்.னை மனதில் வைத்து ஆம்ப்ளிஃபையர் வாங்கிவிட்டு, பின்னாளில் விதவிதமான கேபிள்களோடு பொருள்கள் வந்ததும் கிளாம்ப்பை மாட்டுகிற லேப், இந்த மூன்று எண்களையும் சுவரில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

திணறும் ஆம்ப்ளிஃபையர் இன்னொரு தொல்லையும் தரும். அது ஹார்மோனிக்ஸைக் கிளப்பும். 9 மெகாஹெர்ட்ஸில் சோதித்துக்கொண்டிருப்பதாக நாம் நினைப்போம். பொருள் தடுமாறுவது அதன் மூன்றாம் ஹார்மோனிக்கான 27 மெகாஹெர்ட்ஸில் இருக்கும். பாவம், பொறியாளர் 9 மெகாஹெர்ட்ஸுக்கு வடிகட்டி தேடி அலைவார். இடையில் ஒரு லோ-பாஸ் ஃபில்டரைப் போட்டுப் பார்த்துத் தடுமாற்றம் மறைந்தால் குற்றவாளி ஆம்ப்ளிஃபையர் என்று தெரிந்துவிடும். இது பொய்யான தோல்வி என்பதால் எப்படியும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். எனக்குக் கவலை தருவது உச்சம் வெட்டுப்படும் முதல் வகைதான்.

அட்டனுவேட்டர் நாள் முழுக்கச் சூட்டில் வேகிற கருவி. அளவுக்கு மீறிய திறனை ஒருமுறை வாங்கிவிட்டால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்களின் மதிப்பு மாறிவிடும். அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சாதாரண மல்டிமீட்டர் போதும். 6 டெசிபல் அட்டனுவேட்டரின் மறுமுனையைத் திறந்துவிட்டு அளந்தால் 83 ஓம் சுற்றி வர வேண்டும். 50 ஓம் டெர்மினேஷனை மாட்டினால் 50. குறுக்கிணைத்தால் 30. மூன்று எண்களும் சரியாக வந்தால் உள்ளே ரெசிஸ்டர்கள் பிழைத்திருக்கின்றன. சோதனையில் பயன்படாமல் நிற்கும் இன்னொரு சி.டி.என்.னில் மாட்டும் டெர்மினேஷனுக்கும் இதே சோதனைதான். அதுவும் கருகக்கூடியது. கருகினால் பொருளிலிருந்து வெளியேற வேண்டிய மின்னோட்டத்துக்குப் பாதை மாறிவிடும், பொருள் படும் சோதனை லேசாகிவிடும். இதெல்லாம் காலையில் ஐந்து நிமிட வேலை.

அடுத்தது தரை. சி.டி.என். தன் 150 ஓமைக் காட்டுவது கிரவுண்ட் பிளேன் என்ற உலோகத் தகட்டுடன் அது முழுமையாக ஒட்டியிருக்கும்போதுதான். அடியில் ஒரு படலம் பெயிண்ட், கொஞ்சம் களிம்பு, தளர்ந்த ஒரு போல்ட் போதும், எல்லாக் கணக்கும் தவறிவிடும். கடற்காற்று வீசும் சென்னையில் உலோகத் தகடு களிம்பேறாமல் இருப்பது நாம் துடைத்துப் பராமரிப்பதைப் பொறுத்தது. இதில் உயிர் பயமும் இருக்கிறது. மின்வழிக்கான சி.டி.என்.னுக்குள் ஒவ்வொரு கம்பியிலிருந்தும் உலோக உறைக்குக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். 47 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக மட்டும் நம்முடைய 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறத்தாழ 3.4 மில்லிஆம்பியர் கசியும். உறையைத் தகட்டில் இறுக்காமல் மின்சாரம் கொடுத்துவிட்டுத் தொட்டால் ஷாக் அடிக்கும். முதலில் கிரவுண்ட், பிறகு பவர். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான்.

பொருளோடு சேர்ந்து வேலை செய்யும் துணைக் கருவிகளும் ஏமாற்றும். வார்மருக்குத் தோல் வெப்பநிலையைப் போலியாகக் கொடுக்கும் சிமுலேட்டர், எண்களைப் பதியும் லேப்டாப் எல்லாம் அதே கேபிளின் மறுமுனையில்தான் இருக்கும். சி.டி.என். அவற்றைச் சிக்னலிலிருந்து பிரித்து வைக்கும். கரண்ட் கிளாம்ப் அப்படிப் பிரிக்காது, கேபிளின் இரு பக்கமும் சிக்னலை அனுப்பும். லேப்டாப் உறைந்துபோனால் பொருள் தோற்றதாகத் தெரியும். அதைவிட மோசம், உறைந்த லேப்டாப் கடைசியாக வந்த நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருந்தால் பொருள் பாஸ் ஆனதாகத் தெரியும். திரையில் ஓடும் நேரத்தையும் வெப்பநிலையோடு சேர்த்துப் பதிவு செய்தால் இந்த ஏமாற்று பிடிபட்டுவிடும்.

நேரமும் ஒரு கருவிதான். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் குறைந்தது அரை நொடி நிற்க வேண்டும், அதுவும் பொருள் தன் விளைவைக் காட்டத் தேவையான நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது தரநிலை. பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். சில நொடிகளின் சராசரியை எடுத்துக் காட்டும் வெப்பநிலைக் கருவியில் அரை நொடி நின்றால் விலகல் தெரியத் தொடங்குவதற்குள் அடுத்த அதிர்வெண்ணுக்குத் தாவிவிடுவோம். 630 இடங்களில் 3 நொடி வீதம் நின்றால் ஒரு கேபிளுக்கு அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். நான்கைந்து கேபிள்கள் இருந்தால் பாதி நாள் போய்விடும். மணிக்கணக்கில் கட்டணம் கொடுப்பவருக்கு அது கசக்கும். அந்தக் கசப்பை நான் புரிந்துகொள்கிறேன். நேரத்தைக் குறைத்துக்கொடுக்க மட்டும் சம்மதிக்க மாட்டேன்.

இவற்றைச் சரியாகச் செய்வதில் நம் லேபுகளுக்கு இருக்கும் கஷ்டங்களும் எனக்குத் தெரியும். இந்த ஆம்ப்ளிஃபையர்களும் கிளாம்ப்புகளும் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. பழுதானால் வெளிநாட்டுக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை வருமானம் நிற்கும். அதனால் ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடத் தோன்றும். கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே என்ற தைரியமும் இருக்கும். அந்த ஸ்டிக்கர் கருவி சரியாக இருந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறது. அடுத்த கேலிப்ரேஷன் வரைக்கும் நடுவில் இருக்கும் நாள்களுக்கு நாம்தான் பொறுப்பு. சோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலை இடைக்காலச் சரிபார்ப்பு என்று தனியாக ஓர் எதிர்பார்ப்பை வைத்திருப்பது இதற்காகத்தான். அங்கீகாரத் தணிக்கை வரும் வாரத்தில் மட்டும் நிரப்பும் படிவமாக அதைக் கருதினால், அதன் பயன் முழுவதும் போய்விடும்.

எங்கள் லேபில் இப்போது சில பழக்கங்கள் நிலைத்துவிட்டன. சோதனை தொடங்குமுன் அன்றைக்கு மாட்டியிருக்கும் அதே கேபிள்களோடு, சில அதிர்வெண்களில் ஜிக்கை வைத்து அளவைப் பார்ப்போம். அட்டனுவேட்டருக்கு அப்பால் உள்ள பாதைக்கு அதுதான் உண்மையான சாட்சி. கிளாம்ப் சோதனைகளில் கரண்ட் புரோப் ஒன்றைக் கேபிளில் விட்டுவைப்போம். அதைப் பார்த்து அளவை மாற்றுவதில்லை, சிக்னல் இருக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்துகொள்வோம். இவற்றோடு, வடிகட்டி எதுவும் இல்லாமல் வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த ஒரு சிறிய சென்சார் போர்டையும் அலமாரியில் வைத்திருக்கிறோம். அது எந்தெந்த இடங்களில் எவ்வளவு தடுமாறும் என்று எங்களுக்குத் தெரியும். முக்கியமான பொருள் ஒன்று சிறு குலுக்கம்கூட இல்லாமல் பாஸ் ஆனால் அந்தப் போர்டை அதே இடத்தில் வைத்து ஓட்டுவோம். தோற்க வேண்டிய போர்டு தோற்றால்தான் பாஸ் ஆன பொருளை நம்புவோம்.

பொருள் செய்கிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தோற்ற நாளில் கேட்கும் அத்தனை கேள்விகளையும் பாஸ் ஆன நாளிலும் கேளுங்கள். சிக்னல் கேபிளில் ஏறியதற்கு என்ன பதிவு இருக்கிறது? சோதனைக்கு முன்னும் பின்னும் அளவு சரிபார்க்கப்பட்டதா? ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எத்தனை நொடி நின்றீர்கள், என் பொருளுக்கு அது போதுமா? இப்படிக் கேட்பதால் எந்த நல்ல லேபும் கோபித்துக்கொள்ளாது. உங்கள் பொருள் நாளைக்கு ஒரு குழந்தையின் தலைக்கு மேல் தொங்கப்போகிறது என்றால் கேட்பது உங்கள் கடமை.

எங்களைப் போன்றவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன். ரிப்போர்ட்டில் ‘பாஸ்’ என்று எழுதும்போது பொருளின் தரத்தோடு சேர்த்து எங்கள் கருவிகள் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தன என்ற உறுதியையும் கொடுக்கிறோம். அந்த உறுதிக்கான அளவீடுகள், அன்றைய தேதியோடு, யாரும் கேட்காமலேயே ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். அவை இல்லாத ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.